அப்பாவின் வலது கால்

"நல்லா ஓட்டிக்கிட்டிருந்த மனுஷன், ஏம்மா திடீர்னு விட்டுட்டாரு?"

லிஃப்டில், மளிகைக் கடையில், மாடிப்படியில், எங்கே போனாலும் என்னிடம் இதைத்தான் கேட்டார்கள். அப்போதுதான் நான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். மேலே படிப்பதா, வேலைக்குப் போவதா என்று தெரியாமல் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். என் கதையே எனக்குப் பிடிபடாதபோது அப்பாவின் கதையை எப்படிச் சொல்வது? "தெரியலை ஆன்ட்டி" என்று சொல்லி நழுவிவிடுவேன். சாக்குப்போக்கு இல்லை, உண்மையாகவே தெரியாது.

அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். டிப்போவில் அவருக்குப் பெயர் பூனை. மீசைக்காக வைத்த பெயர் இல்லை. அவர் பேருந்தை நிறுத்தினால் நின்றதே தெரியாது. மற்றப் பேருந்துகளில் நிறுத்தம் வந்தால் நிற்பவர்கள் எல்லாரும் ஒருமுறை முன்னால் சாய்ந்து பின்னால் வருவார்கள். அப்பாவின் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமலே நிற்பார்கள். ஒரு பெண் தினமும் அவர் வண்டியில்தான் ஏறி, ஓடுகிற வண்டியிலேயே கண்ணுக்கு மை தீட்டிக்கொள்வாள். ஒருநாள்கூடக் கோடு இழுபட்டதில்லை. வீட்டில் அப்பா தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்ன கதை அது ஒன்றுதான். மற்றபடி அவர் பேசுவதே அபூர்வம். ஷிஃப்ட் முடிந்து வருவார், சாப்பிடுவார், கால் நீட்டி உட்காருவார். அம்மா சொல்வாள்: "உங்கப்பாவுக்குப் பேச்சும் பஸ் மாதிரிதான். நிறுத்தத்துல மட்டும்தான் கதவு திறக்கும்."

ஒருநாள் இரவு சாப்பிட உட்கார்ந்ததும் அவரே கதவைத் திறந்தார்.

"இன்னைக்கு டிப்போவுல எழுதிக் குடுத்துட்டேன்."

"என்ன எழுதிக் குடுத்தீங்க? லீவா?" என்றாள் அம்மா.

"வேலை வேண்டாம்னு."

அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அம்மாவின் கையில் கரண்டி அப்படியே அந்தரத்தில் நின்றது. அதிலிருந்து குழம்பு மேசைமேல் சொட்டியது. யாரும் துடைக்கவில்லை.

"ஐம்பத்திரண்டு வயசுல வேலையை விட்டுட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"கத்துக் குடுக்கப் போறேன்."

"யாருக்கு?"

"தெரியாதவங்களுக்கு."

"தெரிஞ்சவங்களுக்கா கத்துக் குடுப்பாங்க! ஏங்க, உடம்புக்கு ஏதாவதா? டிப்போவுல யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலை" என்று சொல்லிவிட்டு அப்பா சாதத்தைப் பிசைந்தார். கதவு சாத்திக்கொண்டது. அம்மாவும் நானும் பேயறைந்தவர்கள்போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அதற்குக் கொஞ்ச நாளுக்கு முன்னால், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓட்டுநர்களைப் பழக்குவதற்காக அவருடைய வண்டியில் அனுப்பியிருந்தார்கள். அந்த வாரம் முழுக்க அப்பா வீட்டுக்கு வந்து பேசினார். "அந்தப் பையன் வளைவுல எப்படிப் பயப்படுறான் தெரியுமா", "இன்னைக்குத் தானாவே சரியா எடுத்துட்டான்" என்று எதிரில் யாரும் கேட்காவிட்டாலும் பேசினார். அந்த வாரம் முடிந்ததும் பழையபடி மௌனமாகிவிட்டார். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருந்தால் கரண்டி அந்தரத்தில் நின்றிருக்காது.

அவர் சேர்ந்தது ஒரு சின்ன டிரைவிங் ஸ்கூல். சலவைக் கடைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை, வாசலில் மூன்று கார்கள். அதை நடத்தியவர் ஒரு பெண். எல்லாரும் முதலாளியம்மா என்பார்கள். எந்நேரமும் வாயில் ஒரு புதினா மிட்டாய் உருண்டுகொண்டிருக்கும். அந்த மிட்டாய் ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குப் போவதற்குள் நாலு பேருக்கு உத்தரவு போட்டுவிடுவார்.

"பஸ் ஓட்டத் தெரிஞ்சா போதாது சார். பக்கத்துல உக்காரத் தெரியணும்" என்று முதல் நாளே அப்பாவிடம் சொன்னாராம். பயிற்சிக் காரில் ஆசிரியர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் கோட்டை விட்டால் ஆசிரியர் அதை மிதித்து வண்டியை நிறுத்தலாம். இரண்டு பிரேக்கும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்தவை. ஆசிரியர் மிதித்தால் கற்றுக்கொள்பவரின் காலுக்குக் கீழே இருப்பதும் சேர்ந்தே இறங்கும். "அது ஆபத்துக்கு மட்டும்தான்" என்றாராம் முதலாளியம்மா. அப்பா தலையாட்டினாராம்.

"புது ஆளுங்க அவங்க அவங்க ஆளைப் பிடிச்சிக்கிட்டு வரணும்" என்பது அங்கே வழக்கம். அப்பாவுக்கு ஆள் பிடிக்கத் தெரியாது. மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒருவர் எங்கள் தெருமுனை பேக்கரிக்காரர். ரொட்டி போட்டுப் போட்டு அவருடைய புருவத்தில் எப்போதும் கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும். இன்னொருவர் சலவைக் கடைக்கு எதிரே கடை வைத்திருந்த தையல்காரம்மா. வயது அப்பாவைவிடக் கூட. உயரம் குறைவு என்பதால் சீட்டில் போட்டுக்கொள்ளத் தானே ஒரு மெத்தை தைத்து எடுத்து வந்தார். பச்சைப் பூப்போட்ட துணியில், நான்கு மூலையிலும் சிவப்புப் பட்டன் வைத்த மெத்தை. மூன்றாவது ஆள் அம்மா.

"வேற யாரும் வரலைன்னா நான் என்ன பண்றது? கட்டினவளாச்சே!" என்று அலுத்துக்கொண்டாள். ஆனால் முதல் வகுப்புக்குப் போகும்போது புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போனாள்.

அம்மா ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். இது பின்னால் தேவைப்படும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை. அப்பாவின் மூன்று மாணவர்களும் அமர்க்களமாக ஓட்டினார்கள். பக்கத்துக் கார்களில் மற்ற ஆசிரியர்கள் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருப்பார்கள். "பிரேக்! பிரேக்! ஐயோ பிரேக்!" என்று தெருவே அதிரும். அப்பாவின் கார் மட்டும் சத்தமில்லாமல் வந்து, சிக்னலில் வெண்ணெய்மேல் கத்தி இறங்குவதுபோல நிற்கும்.

"சார் பக்கத்துல உக்காந்தா போதும், வண்டி சொன்ன பேச்சு கேக்குது" என்றார் பேக்கரிக்காரர். தையல்காரம்மாவைப் பற்றி அப்பாவே வீட்டில் சொன்னார்: "மெஷின் மிதிச்ச கால். மூணு பேர்ல அவங்க கால்தான் ரொம்பப் பதமான கால். முதல் நாள் வெடவெடன்னு நடுங்கினாங்க. இன்னைக்கு நிறுத்தினதும் சிரிச்சாங்க. சிரிச்சா அவங்களுக்குக் கன்னத்துல குழி விழுது."

அம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "பொண்டாட்டி எப்படி ஓட்டுறான்னு சொல்லலையே!"

"நீயும்தான். நல்லா நிறுத்துற."

இருபத்தேழு வருடத்தில் தனக்குக் கிடைத்த முதல் பாராட்டு என்று அம்மா எங்கள் மாடியில் எல்லாருக்கும் சொன்னாள். அப்பா படியேறும்போதே ஏதோ ஒரு மெட்டை முணுமுணுப்பது கேட்கும். அவருக்குப் பாட வரும் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி. முதலாளியம்மா தெருவில் என்னை நிறுத்தி, "உங்கப்பா பிறவி வாத்தியார்டி" என்று ஒரு மிட்டாய் கொடுத்தார்.

பிறகு தேர்வு நாள் வந்தது.

லைசென்ஸ் தேர்வு போக்குவரத்து அலுவலகத்தின் மைதானத்தில், அவர்களுடைய காரிலேயே நடக்கும். அது சாதாரணக் கார். ஓட்டுகிறவர் பக்கம் மட்டும்தான் பிரேக். மைதானத்தில் ஒரு சின்னச் சரிவு. சரிவு முடியும் இடத்தில் தரையில் ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்த வேண்டும். நானும் அப்பாவும் வேலிக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்பா இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார்.

முதலில் பேக்கரிக்காரர். கியர் மாற்றினார், கண்ணாடி பார்த்தார், வளைத்தார், எல்லாம் அழகு. சரிவில் இறங்கினார். கோடு வந்தது. கார் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

"பதட்டம்" என்றார் அப்பா.

அடுத்து தையல்காரம்மா, மெத்தையோடு. அவரும் அதே சரிவில் இறங்கினார். கார் கோட்டைத் தாண்டி ஒரு காரின் நீளத்துக்கு உருண்டு, வேகம் தானே அடங்கி நின்றது. அப்பா எழுந்து வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது அம்மா. அம்மாவின் கார் நிற்கவே இல்லை. தேர்வு அதிகாரி ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்த சத்தம் பெஞ்சுவரை கேட்டது.

அதிகாரி கதவைத் திறந்துகொண்டு நேராக வேலி அருகே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. உண்மையிலேயே குழம்பிப் போயிருந்தார்.

"யாரு சார் இந்த மூணு பேருக்கும் கத்துக் குடுத்தது?"

"நான்தான்."

"எல்லாம் நல்லாப் பண்றாங்க சார். ஆனா வண்டியை நிறுத்த மட்டும் ஒருத்தருக்கும் தெரியலையே! அதை மட்டும் விட்டுட்டீங்களா?"

நிறுத்த! டிப்போவில் பூனை என்று பெயரெடுத்த மனிதரிடம் இதைக் கேட்டார். அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அந்த வண்டியில பிரேக் கல்லு மாதிரி இருக்கு சார்" என்றார் பேக்கரிக்காரர். "நம்ம வண்டியில கால் வெச்சாலே இறங்கும்." "ஆமாங்க, எனக்கும் அப்படித்தான்" என்றாள் அம்மா. தையல்காரம்மாவும் தலையாட்டினார். அதிகாரி போய் அந்தக் காரை ஒரு சுற்று ஓட்டி, வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் லேசாக நிறுத்திக் காட்டினார். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை.

தையல்காரம்மா பையை எடுத்துக்கொண்டார். "விடுங்க சார். இந்த வயசுல எனக்கு எதுக்கு இந்த ஆசை? எனக்கு இது வராது. உங்க மேல தப்பு இல்லை" என்று அப்பாவுக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். மெத்தையை மறந்துவிட்டார். அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு வீடுவரை வந்தார்.

மறுநாள் முதலாளியம்மா வாயில் மிட்டாய் இல்லாமல் பேசினார். "மூணு பேரும் ஒரே நாள்ல, ஒரே கோட்டுல! இந்தத் தெரு முழுக்க இதே பேச்சு. அடுத்த டெஸ்ட்ல ஒரு ஆளாவது பாஸ் ஆகணும் சார். இல்லேன்னா உங்க வண்டியை வேற ஆளுக்குத்தான் குடுக்கணும். என்னைத் தப்பா எடுத்துக்காதீங்க."

டிப்போ மெக்கானிக் எப்படியோ கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "டேய் பூனை, உன் வண்டி இன்னும் சும்மாதான் நிக்குது. மேனேஜர்கிட்ட நான் பேசிட்டேன். அடுத்த மாசத்துக்குள்ள வந்தா, விட்ட இடத்துலயே உக்காந்துக்கலாம். வாத்தியார் வேஷம் போட்டுப் பார்த்தாச்சுல்ல? கலைச்சிட்டு வாடா."

மெக்கானிக் போன பிறகு வெகுநேரம் கழித்து அப்பா எங்களிடம் சொன்னார்: "அந்த பஸ்ஸுல நான் இனிமே ஏற மாட்டேன்னு இல்லை. ஏறினா, ஓட்டிடுவேன். ஆனா தையல்காரம்மா சிரிச்சாங்கள்ல, நிறுத்தினதும்? அது பொய்யாயிடக் கூடாது."

அந்தச் சாயங்காலம்தான் அது வெளியே வந்தது. அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் தேர்வில் நடந்ததை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். சமையலறை ஸ்டூல் இரண்டை அருகருகே போட்டு, ஒன்றில் தான் உட்கார்ந்துகொண்டு, "ஏங்க, நீங்க அந்த ஆபீசர். வந்து உக்காருங்க" என்று அப்பாவை இழுத்து இன்னொன்றில் உட்கார வைத்தாள். கையில் ஸ்டியரிங்குக்குப் பதிலாக ஒரு தட்டு.

"நேராப் போறேன். வளைக்கிறேன். கண்ணாடி பார்க்கிறேன். சரிவுல இறங்குறேன். இதோ, கோடு வருது..."

கிரீச்சென்று ஒரு சத்தம். அப்பாவின் ஸ்டூல் ஒரு சாண் பின்னால் போயிருந்தது.

அம்மா தட்டைத் திருப்புவதை நிறுத்தினாள். குனிந்து பார்த்தாள். அப்பாவின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. முட்டி விறைத்திருந்தது.

"இன்னொரு தடவை சொல்றேன்" என்றாள் மெதுவாக. "சரிவுல இறங்குறேன். கோடு..."

கால் இறங்கியது. ஸ்டூல் கிரீச்சிட்டது. அம்மாவின் கால் இன்னும் அசையவே இல்லை.

பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, ஆனால் நம்ப முடியவில்லை.

"ஏங்க," என்றாள் அம்மா, "இத்தனை நாளா பிரேக் போட்டது யாரு?"

அப்பா தன் காலையே வேறு யாருடையதோபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாது" என்றார். "சத்தியமாத் தெரியாது. அது என்னைக் கேக்கலை."

கற்றுக்கொள்பவர்கள் பிரேக்கில் கால் வைப்பதற்குள் அப்பாவின் கால் இறங்கியிருக்கிறது. பிரேக் தானாகக் கீழே போவதைத் தாங்கள் மிதித்ததாக மூன்று பேரும் நினைத்திருக்கிறார்கள். பேருந்தில் அத்தனை வருடம் யாரையும் குலுக்காத கால் என்பதால், அது மிதித்ததும் ஒருவருக்கும் தெரியவில்லை.

"அப்போ நான் ஓட்டலையா?" என்றாள் அம்மா. "நல்லா நிறுத்துறன்னு சொன்னீங்களே, அது உங்களை நீங்களே சொல்லிக்கிட்டதா?" அவளுக்குக் கோபமும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எது முந்தும் என்று நான் பயந்துகொண்டே பார்த்தேன். சிரிப்பு முந்தியது. ஆனால் கண் துடைத்துக்கொண்டாள்.

அப்பா சிரிக்கவில்லை. "நான் யாருக்கும் ஒண்ணுமே கத்துக் குடுக்கலை" என்றார். "காரை பஸ்ஸு மாதிரி ஓட்டியிருக்கேன். அவங்க பயணி மாதிரி உக்காந்திருக்காங்க. அவ்வளவுதான்."

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "எங்க லேப்ல புதுப் பொண்ணுங்க வந்தா, முதல் ஊசியை என் கையிலதான் குத்துவாங்க. நடுங்கும், நரம்பை விட்டுட்டு எங்கேயோ குத்துவாங்க. நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? இன்னொரு கையைப் பின்னால கொண்டுபோய் இடுப்புத் துணியைப் பிடிச்சிக்குவேன். இல்லேன்னா அது போய் ஊசியைப் பிடுங்கிடும். வலிக்கத்தான் செய்யும். பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருக்கணும். நீங்க காலை என்ன பண்ணப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க."

மறுநாள் அப்பா முதலாளியம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னார். அவருக்கு மிட்டாய் தொண்டையில் சிக்கிக்கொண்டதாம். இருமி முடித்ததும், "இதை ஏன் சார் வெளியில சொல்றீங்க? அடுத்த தடவை போடாம இருங்க, முடிஞ்சது" என்றாராம்.

"அவங்க ரெண்டு பேரும் தங்க மேல தப்புன்னு நினைச்சிக்கிட்டிருக்காங்கம்மா" என்று சொல்லிவிட்டு அப்பா பேக்கரிக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

பேக்கரிக்காரர் ரொட்டித் தட்டை இறக்கி வைத்துவிட்டு அப்பா சொன்னதைக் கேட்டார். புருவத்து மாவு அசையவில்லை.

"அப்போ நான் காரே ஓட்டுனது இல்லையா சார்?"

"திருப்பினீங்க. கியர் போட்டீங்க. நிறுத்தலை."

"என் பொண்ணுங்ககிட்ட சொல்லிட்டேனே சார், அப்பா ஓட்டுறேன்னு!" அடுத்த தட்டை அடுப்புக்குள் தள்ளினார். பிறகு, "எப்போ வரணும்?" என்றார்.

தையல்காரம்மாவின் கடை பூட்டியிருந்தது. பலகையைக் கழற்றியிருந்தார்கள். மகள் வீட்டோடு போய் இருக்கப் போவதாகச் சொல்லிக் காலி செய்துவிட்டார் என்றார் சலவைக் கடைக்காரர். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. பழைய எண்ணில் யாரும் எடுக்கவில்லை. "இனிமே கார் பக்கமே திரும்ப மாட்டேன்னு சொன்னாங்க. அந்தக் காரை ஒரு தடவை நின்னு பார்த்துட்டுத்தான் போனாங்க" என்றார். அப்பா பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அவர் முகத்தை அன்றைக்குப் பார்க்க முடியவில்லை.

ஊருக்கு ஒதுக்குப்புறமான ஒரு பழைய கிடங்கின் பின்னால் காலி மைதானம் ஒன்று இருந்தது. ஒரு மூலையில் பழைய டயர்களைக் குவித்து வைத்திருந்தார்கள். முதல் வகுப்பு அங்கே, அம்மாவுக்கு. "நீயும் வாடி. உங்கப்பாவை நான் கொன்னுட்டா சாட்சி வேணும்" என்று என்னைப் பின்சீட்டில் ஏற்றினாள்.

அப்பா செருப்பைக் கழற்றி வெளியே வைத்தார். சீட்டில் ஏறி, இரண்டு காலையும் மேலே மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார்.

"பந்திக்கு உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள் அம்மா.

"டயர் வரைக்கும் போ. நிறுத்து."

கார் மெதுவாக நகர்ந்தது. டயர் குவியல் கிட்டே வந்தது. அப்பாவின் வலது முட்டி துடிப்பது பின்னாலிருந்தே எனக்குத் தெரிந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்து அமுக்கிக்கொண்டார். நெற்றியில் வியர்வை. டயர் இன்னும் கிட்டே வந்தது. "அப்பா!" என்று நான் கத்தினேன். அவர் அசையவில்லை.

கார் போய் டயரில் முட்டியது.

யாருக்கும் அடியில்லை. நடந்து போகிற வேகம்தான். மேலேயிருந்து ஒரு டயர் உருண்டு வந்து காரைச் சுற்றிப் போய்ப் படுத்தது. அம்மா வெளிறிப்போய் அப்பாவைப் பார்த்தாள்.

"போடவே இல்லையே நீங்க!"

"நீ போடுவேன்னு நினைச்சேன்."

"நான் நீங்க போடுவீங்கன்னு நினைச்சேன்!"

"அதான்" என்றார் அப்பா. "அதான் விஷயமே."

அம்மா காரைப் பின்னால் எடுத்தாள். மறுபடி கிளம்பினாள். இந்தத் தடவை டயர் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். என் நெற்றி முன்சீட்டில் போய் மோதியது. அப்பா சம்மணம் கலைந்து முன்னால் பாய, பெல்ட் அவரைப் பிடித்து இழுத்தது. சட்டைப் பையிலிருந்த பேனா கண்ணாடியில் அடித்து விழுந்தது. வாழ்நாளில் ஒருவரையும் குலுங்க விடாத மனிதர், தலைமுடி கலைந்து, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்.

பிறகு சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது.

"என்னங்க சிரிப்பு? பல்லு போயிருக்கும்!"

"நின்னுச்சு பாரு" என்றார். "நீ நிறுத்தி நின்னுச்சு."

எனக்கு நெற்றி வீங்கியிருக்க, அவர் மட்டும் ஏதோ கிடைத்தவர்போல இருந்தார்.

சாலையில் அப்படிச் சம்மணம் போட முடியாது. ஆபத்துக்குக் கால் கீழே இருந்தாக வேண்டும். அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வலது பாதத்தின் மேல் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலை நிறுத்தி வைத்துக்கொண்டார். "என் கால் அசைஞ்சா பாட்டில் விழும். விழுந்தா நான் போட்ட பிரேக். விழலைன்னா நீங்க போட்டது. இனிமே நான் உங்களை ஏமாத்த முடியாது" என்றார் பேக்கரிக்காரரிடம். முதல் வாரம் பாட்டில் விழுந்துகொண்டே இருந்தது. விழும் ஒவ்வொரு தடவையும் பேக்கரிக்காரர், "வாத்தியாரே, கால்!" என்று அதட்டுவார். "மன்னிச்சிக்கோங்க" என்று அப்பா எடுத்து வைப்பார். தெருவில் இப்போது எங்கள் கார்தான் அதிகமாகக் குலுங்கியது. மற்ற ஆசிரியர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார்கள். "என்ன சார், குதிரை சவாரியா?" என்று ஒருவர் கேட்டார்.

மெல்ல மெல்லக் குலுக்கல் குறைந்தது. ஒருநாள் பேக்கரி வாசலில் கார் வந்து நின்றபோது பாட்டில் அப்படியே நின்றது, தண்ணீர்கூட ஆடவில்லை. பேக்கரிக்காரர் இறங்கி அதைக் கையில் எடுத்து, பெண் பிள்ளைகளிடம் காட்டினார். அந்தப் பிள்ளைகளுக்கு வெறும் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று புரியவில்லை.

மறுபடி தேர்வு. அதே மைதானம், அதே கோடு, அதே அதிகாரி. "மறுபடியும் நீங்களா?" என்றார். பெஞ்சில் அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பேக்கரிக்காரர் சரிவில் இறங்கினார். கோடு வந்தது. கார் கோட்டுக்கு முன்னால், அழகாக இல்லை, ஒரு சின்னத் தும்மல் தும்மியதுபோல நின்றது. ஆனால் நின்றது. நான் எழுந்து குதித்தேன். அப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அடுத்து அம்மா. எல்லாம் சரியாகப் போனது. கோட்டைப் பார்த்ததும் டயர்க் குவியல் ஞாபகம் வந்துவிட்டதாம். ஓங்கி மிதித்தாள். அதிகாரியின் மூக்குக்கண்ணாடி பறந்து அவர் மடியில் விழுந்தது. ஃபெயில்.

அம்மா கதவைத் திறந்து இறங்கியபோது முகமெல்லாம் சிரிப்பு. ஏதோ பதக்கம் வாங்கியவள்போல வேலி அருகே வந்தாள். "ஏங்க, பார்த்தீங்களா? இந்தத் தடவை ஃபெயில் ஆனது நான்! நானே!"

"பார்த்தேன்" என்றார் அப்பா. "உன் கால்தான்."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். தோற்றவரும் அவருடைய வாத்தியாரும் கைகோத்துக்கொண்டு சிரிப்பதை அவர் அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டார். "உங்க ஸ்கூல்ல எல்லாருமே இப்படித்தானா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். அதற்கு அடுத்த தேர்வில் அம்மா பாஸ் ஆனாள். அந்த நாளைப் பற்றி அவள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஒரு ஆள் பாஸ் ஆகிவிட்டதால் கார் அப்பாவிடமே இருந்தது. முதலாளியம்மா இப்போது மற்ற ஆசிரியர்களின் காலிலும் பாட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறார். ஒருவரும் முதல் நாளில் தப்பவில்லை என்று கேள்வி. டிப்போ மெக்கானிக் வந்து, "உன் வண்டியை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்கடா. அவன் நிறுத்தினா பல்லு ஆடுது" என்று குறைபட்டுக்கொண்டார். அப்பா அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இருபத்தேழு வருஷம் நான் நிறுத்தினேன், நின்னுச்சு. அது எனக்குப் பழகிப் போச்சுடா. அன்னைக்கு அந்த பேக்கரிக்காரர் நிறுத்தினாரு. நான் வேலிக்கு வெளியில உக்காந்திருக்கேன். என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அப்புறமும் நின்னுச்சு. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உனக்குச் சொல்லத் தெரியலை."

இப்போது யாராவது என்னிடம் "ஏன் விட்டாரு?" என்று கேட்டால் நான் நழுவுவதில்லை. இந்தக் கதையை முழுக்கச் சொல்கிறேன். சொல்வதற்கு நேரம் பிடிக்கிறது, லிஃப்ட் வந்து கதவு திறந்து மூடிப் போய்விடுகிறது. அதனால்தான் எழுதினேன்.

எழுதியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பச்சைப் பூப்போட்ட, நான்கு மூலையிலும் சிவப்புப் பட்டன் வைத்த அந்த மெத்தை இன்னும் அப்பாவின் காரில் பின்சீட்டில் இருக்கிறது. அதில் யாரையும் அவர் உட்கார விடுவதில்லை. அந்தத் தையல்காரம்மா எங்கேயோ மகள் வீட்டில் இருந்துகொண்டு, தனக்குக் கார் ஓட்ட வராது என்று இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார். உயரம் குறைவு. சிரித்தால் கன்னத்தில் குழி விழும். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்கள் இன்னும் நாலு பேரிடம் சொல்லட்டும். எப்படியாவது அவர் காதில் விழ வேண்டும்: அன்றைக்கு அந்தக் கோட்டைத் தாண்டிய கார் அவருடைய தப்பு இல்லை. அவர் இன்னும் ஒரு தடவைகூடப் பிரேக் போட்டுப் பார்க்கவில்லை. மெத்தை பத்திரமாக இருக்கிறது. அப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.